குதிரைக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளை

சுவீடன் நாட்டு ஆய்வாளர் லிண்டா கீலிங்கும் அவருடைய குழுவினரும் 2009இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சோதனை மிக எளிமையானது. ஓர் ஆள் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டோ அதன் மேல் ஏறிக்கொண்டோ குறிப்பிட்ட தூரம் போக வேண்டும். நான்கு முறை போக வேண்டும். ஆளுக்கும் குதிரைக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவி கட்டப்பட்டிருக்கும். முதல் மூன்று நடையிலும் ஒன்றும் நடக்காது. நான்காவது முறை கிளம்பும் முன்பு ஆளிடம் மட்டும் ஒரு செய்தி சொல்வார்கள்: வழியில் நிற்கிறவர் இந்தத் தடவை நீங்கள் பக்கத்தில் வரும்போது குடையை விரிக்கப்போகிறார். குதிரை மிரண்டுவிடுமே என்று ஆளுக்குக் கவலை வந்துவிடும். நெஞ்சு படபடக்க நடப்பார். ஆனால் குடை விரியாது. விரிக்கும் எண்ணமே ஆய்வாளர்களுக்குக் கிடையாது.

குதிரைக்கோ குடையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அது எதையும் பார்க்கவுமில்லை. இருந்தும் அந்த நான்காவது நடையில் குதிரையின் இதயமும் கூடுதலாகத் துடித்தது. குதிரை மேல் இருந்தவர்கள் தங்களை அறியாமலே கடிவாள வாரைச் சற்றுக் குறுக்கிப் பிடித்திருந்தார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் குறித்துக்கொண்டார்கள். மனிதருக்குள் ஓடிய பயம் விரல் வழியாகவோ தோள் வழியாகவோ குதிரைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

குதிரைகளுக்கு நடுவே பிள்ளைகள் வளர்ந்தால் என்ன நன்மை என்று கேட்டால், தைரியம் வரும், பொறுப்பு வரும், உடம்பு உறுதிப்படும் என்று வழக்கமான பதில்கள் வரும். மூன்றும் உண்மைதான். ஆனால் நாய் வளர்த்தாலும் பொறுப்பு வரும், நீச்சல் பழகினாலும் உடம்பு உறுதிப்படும். குதிரையிடம் மட்டும் கிடைக்கிற ஒன்று இருக்கிறது என்றால், அது இந்தக் குடைச் சோதனையில் தெரிந்த விஷயம்தான் என்று நினைக்கிறேன். பிள்ளையின் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த நொடியிலேயே கண்டுகொண்டு, அதற்கேற்ப நடந்துகொள்ளும் ஒரு பெரிய உயிர் பக்கத்தில் நிற்கிறது. பிள்ளை அமைதியானால் அதுவும் அமைதியாகிறது. பிள்ளை பதறினால் அதுவும் பதறுகிறது. இவ்வளவு நேர்மையான பதிலைப் பெரியவர்கள் யாரும் பிள்ளைகளுக்குத் தருவதில்லை.

குதிரைக்கு இந்தத் திறமை எங்கிருந்து வந்தது? அது வேட்டையாடும் விலங்கில்லை, வேட்டையாடப்படும் விலங்கு. புல்வெளியில் கூட்டமாக மேய்ந்த காலத்தில், ஓநாயை முதலில் பார்த்த குதிரை மட்டும் தப்பினால் போதாது. அது தலையைத் தூக்கிய விதத்தைப் பார்த்தே மற்றவையும் ஓட வேண்டும். அப்படி ஓடத் தெரிந்தவற்றின் வாரிசுகள்தான் இன்றைய குதிரைகள். தரையில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்கள் உள்ளவற்றுள் குதிரையும் ஒன்று. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை வரை அதனால் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடமும் வாலுக்கு நேர் பின்னே சிறிது இடமும்தான் தெரியாது. ஒரு காதை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் திருப்பி, இரண்டு திசைகளை ஒரே நேரத்தில் கேட்கும். முகமும் அசைவுகள் நிறைந்தது. சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் குதிரையின் முகத் தசைகளைப் படித்து, 17 தனித்தனி அசைவுகளைப் பட்டியலிட்டார்கள். இதே முறையில் எண்ணினால் நாய்க்கு 16, சிம்பன்சிக்கு 13. நாம் மரக்கட்டை முகம் என்று நினைத்திருந்த ஒன்று, சிம்பன்சியைவிட அதிகமாக அசையும் முகம்.

அதே பல்கலைக்கழகத்தில் ஏமி ஸ்மித், கேரன் மெக்காம்ப் ஆகியோர் 28 குதிரைகளுக்கு மனிதர்களின் பெரிய முகப் படங்களைக் காட்டினார்கள். கோபமான முகத்தைக் கண்டபோது குதிரைகள் தலையைத் திருப்பி இடது கண்ணால் பார்த்தன, இதயத் துடிப்பும் விரைவாக ஏறியது. இடது கண்ணில் விழும் காட்சி பெரும்பாலும் மூளையின் வலது பாதிக்குப் போகிறது. ஆபத்தை எடைபோடும் வேலையில் அந்தப் பாதிக்குப் பங்கு அதிகம். இது 2016இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். காலையில் ஒருவருடைய கோப முகத்தையோ சிரித்த முகத்தையோ படமாகக் காட்டினார்கள். சில மணி நேரம் கழித்து அதே ஆள் எந்த உணர்ச்சியும் காட்டாமல் நேரில் வந்து நின்றார். தன்னுடைய எந்தப் படத்தைக் குதிரை பார்த்தது என்று அவருக்கே தெரியாது. கோபப் படத்தைப் பார்த்திருந்த குதிரைகள் அவரை இடது கண்ணால் கவனித்தன, நிலைகொள்ளாமல் இருந்தன. படத்தில் பார்த்த முகத்தை மறக்கவில்லை.

இதற்கெல்லாம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெர்லினில் ஒரு குதிரை இதை நிரூபித்துவிட்டது. நிரூபித்தது என்ன என்று புரியத்தான் சில ஆண்டுகள் ஆயின. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் தன் குதிரை ஹான்ஸுக்குப் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலப் பொறுமையாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கூட்டல், பெருக்கல், பின்னம், தேதி எது கேட்டாலும் ஹான்ஸ் குளம்பால் தட்டிப் பதில் சொன்னது. 1904இல் அறிஞர் குழு ஒன்று வந்து பார்த்தது. மோசடி எதுவும் இல்லை என்று சொல்லிப் போனது. அதன்பின் உளவியல் ஆய்வாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் வந்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாத கேள்விகளை ஹான்ஸிடம் கேட்கச் செய்தார். ஹான்ஸ் தடுமாறியது. கேட்கிறவரைக் குதிரையின் கண்ணிலிருந்து மறைத்தார். அப்போதும் தடுமாறியது.

காரணம் இதுதான். கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்ப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் குனிந்திருப்பார். சரியான எண் வந்த கணத்தில், தன்னை அறியாமல் தலையை மிக மிக லேசாக நிமிர்த்துவார். ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. அந்த அசைவு சுற்றி நின்ற மனிதர் யாருக்கும் தெரியாத அளவு சிறியது. இன்னும் வியப்பு என்னவென்றால், இந்த உண்மையைக் கண்டுபிடித்த ஃபுங்ஸ்ட், தெரிந்த பிறகும் தன் தலை அசைவதை அடக்க முடியாமல் தவித்தார். 1907இல் அவர் எழுதிய நூலுக்குப் பிறகு ஹான்ஸ் ‘கணக்குத் தெரியாத குதிரை’ என்று தள்ளப்பட்டது. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. கணக்குப் போடும் குதிரையைவிட, ஒரு மனிதருடைய எதிர்பார்ப்பை அவர் கழுத்தில் படித்த குதிரை எவ்வளவோ பெரிய அதிசயம்.

இப்படிப்பட்ட விலங்கின் பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளையை நிறுத்திப் பாருங்கள். ஏறிச் சவாரி செய்வதை விடுங்கள். குளம்பைச் சுத்தம் செய்யும் வேலை ஒன்று போதும். பிள்ளை குதிரையின் தோளுக்கு அருகில், வாலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். தோளில் கையை வைத்து, கையை எடுக்காமலே முன்னங்காலின் வழியாகக் கீழே கொண்டுபோக வேண்டும். கை கணுக்காலை நெருங்கும்போது குதிரை தன் எடையை மற்ற மூன்று கால்களுக்கு மாற்றும். அந்த மாற்றத்தைக் கையால் உணர்ந்து, அப்போது காலைத் தூக்கச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் தூக்காது. 400, 500 கிலோ எடையுள்ள உயிரின் காலை 25 கிலோ பிள்ளை பலத்தால் தூக்கிவிட முடியுமா? குதிரை தானாகத் தந்தால்தான் உண்டு. தந்த பிறகு, குளம்பின் நடுவில் உள்ள முக்கோண வடிவ மென்பகுதியைக் குத்தாமல், அதன் இரு பக்கப் பள்ளங்களில் சிக்கிய கல்லையும் மண்ணையும் வளைந்த கொக்கியால் கிளறி எடுக்க வேண்டும். நான்கு கால்களுக்கும் இதே வேலை. தினமும்.

இதில் ஒரு பிள்ளை கற்பதை எண்ணிப் பாருங்கள். கத்திப் பயனில்லை. அழுதும் பயனில்லை. கெஞ்சினால் குதிரைக்குப் புரியாது. மூச்சை நிதானப்படுத்தி, தோளைத் தளர்த்தி, கையில் உறுதியோடு நின்றால் கால் மேலே வரும். பள்ளியில் ஆத்திரத்தை அடக்கு என்று ஆயிரம் முறை சொன்னாலும் பதியாத ஒன்று, இங்கே கையிலும் முதுகிலும் பழக்கமாகப் பதிகிறது. பிரிட்டனில் 1929இல் தொடங்கிய ‘போனி கிளப்’ என்ற சிறுவர் குதிரைச் சங்கம் சவாரியோடு லாயப் பராமரிப்பையும் சேர்த்தே கற்றுத்தருகிறது. தீனி வைப்பது, தண்ணீர் காட்டுவது, சாணம் அள்ளுவது, உடல் தேய்ப்பது எல்லாம் பாடம். சவாரி மட்டும் கற்ற பிள்ளைக்குப் பாதிக் குதிரைதான் தெரியும்.

குதிரையோடு பழகுவது பிள்ளைகளை அமைதிப்படுத்துகிறதா என்று வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா பெண்ட்ரி அளந்து பார்த்தார். 5ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் 131 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பகுதியினர் 11 வாரங்கள் குதிரைகளோடு பழகினார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தபோது, குதிரைகளோடு இருந்தவர்களுக்கு, குறிப்பாகப் பிற்பகலில், அதன் அளவு குறைந்திருந்தது. இது 2014இல் வந்த ஆய்வு. பெரிய ஆய்வில்லைதான். ஆனால் பிள்ளைகளின் வாய்ச்சொல்லை நம்பாமல் உடம்பையே கேட்ட ஆய்வு என்பதால் இதற்கு நான் மதிப்புத் தருகிறேன்.

குதிரையோடு பிள்ளை வளர்வது என்றால் உண்மையில் எப்படி இருக்கும் என்று பார்க்க மங்கோலியாவுக்குத்தான் போக வேண்டும். ஏறக்குறைய 35 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் மக்களைவிடக் குதிரைகள் அதிகம். மேய்ச்சல் குடும்பங்களில் பிள்ளை மூன்று நான்கு வயதிலேயே அப்பாவின் முன்னால் சேணத்தில் உட்காரத் தொடங்கிவிடும். ஐந்தாறு வயதில் தனியாக ஏறும். மங்கோலியக் குதிரை குட்டையானது. பெரும்பாலும் 120 முதல் 140 சென்டிமீட்டர் உயரம்தான். ஆனால் பொம்மைக் குதிரை கிடையாது. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 40 பாகை வரை போகும் குளிர்காலத்தில் திறந்த வெளியில் நின்று, பனியைக் குளம்பால் கிளறிப் புல் தேடித் தின்று பிழைக்கும் விலங்கு. ஆண்டின் பெரும்பகுதி கட்டாமல் மேயும். வேண்டும்போது நீண்ட கழியின் நுனியில் சுருக்குக் கட்டிப் பிடித்து வருவார்கள்.

அங்கே கோடையில் நடக்கும் பால் கறவை அழகானது. பெட்டைக்குதிரையின் மடி சிறியது, அதிகம் தேங்காது. அதனால் பகலில் சில மணி நேரத்துக்கு ஒரு முறை கறக்க வேண்டும். குட்டிகளைத் தரையோடு இழுத்துக் கட்டிய நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டியிருப்பார்கள். தாய்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே மேயும். கறக்கும் நேரம் வந்தால் ஒரு குட்டியை அவிழ்த்துத் தாயிடம் விடுவார்கள். குட்டி வாய் வைத்தால்தான் பால் இறங்கும். இறங்கியதும் குட்டியைச் சற்று விலக்கி, தாயின் உடம்பை ஒட்டியே நிறுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கறக்கிறவர் ஒரு முழங்காலை ஊன்றி, மற்ற தொடையில் வாளியைத் தாங்கிக் கறப்பார். குட்டியைப் பிடித்து நிற்கும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளுடையது. குட்டி துள்ளினால் தாய் விலகும், தாய் விலகினால் வாளி கவிழும். ஒரு கையில் குட்டியின் கழுத்தை அணைத்துக்கொண்டு, தாயின் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே அசையாமல் நிற்கிறது ஓர் எட்டு வயதுப் பிள்ளை. அந்தப் பாலைத் தோல் பையில் ஊற்றி, ஆயிரக்கணக்கான முறை கடைந்து புளிக்கவைத்தால் ‘ஐரக்’ என்ற பானம். கோடை முழுவதும் குடும்பம் குடிப்பது அதைத்தான். பிள்ளை செய்த வேலை வீட்டின் உணவில் தெரிகிறது. தன்னால் வீட்டுக்கு ஒரு பயன் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிவதைவிடப் பெரிய தன்னம்பிக்கை எது?

அதே மங்கோலியாவில் வருந்தத்தக்க பக்கமும் உண்டு. ஜூலை மாதம் நடக்கும் நாதம் திருவிழாவின் குதிரைப் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் சிறுவர் சிறுமியர். பந்தயம் குதிரையின் திறமைக்கானது, ஆகவே மேலே பாரம் குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முதிர்ந்த குதிரைகளுக்கான ஓட்டம் 25 கிலோமீட்டர் வரை நீளும். 7 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. அப்படியிருந்தும் விழுந்து அடிபடும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு, உயிர் இழந்தவர்களும் உண்டு. குழந்தை உரிமை அமைப்புகள் இதைத் தொடர்ந்து எதிர்த்து வருகின்றன. குட்டியைப் பிடித்து நிற்கும் பிள்ளைக்குக் குதிரை ஆசான். பரிசுக்காக 25 கிலோமீட்டர் விரட்டப்படும் பிள்ளையைப் பெரியவர்கள் பாரமில்லாத சவுக்காக ஆக்கிவிடுகிறார்கள். பழமையான மரபு என்பது இதற்கு நியாயமாகாது.

இன்னொரு நன்மை கண்ணுக்கே தெரியாதது. அது லாயத்துத் தூசியில் இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வாழும் ஆமிஷ் மக்களும், தெற்கு டகோட்டாவில் வாழும் ஹட்டரைட் மக்களும் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய சமயக் குழுவினர். பரம்பரையில் நெருங்கியவர்கள். உணவும் பெரிய குடும்ப அமைப்பும் ஒத்திருக்கும். இரு சாராரும் விவசாயிகள், வீட்டில் நாய் பூனை வைத்துக்கொள்ளாதவர்கள். ஒரு பெரிய வித்தியாசம்: ஹட்டரைட்டுகள் பெரிய கூட்டுப் பண்ணைகளில் நவீன இயந்திரங்களை வைத்து உழுகிறார்கள், கால்நடைக் கொட்டில் குடியிருப்பிலிருந்து தள்ளி இருக்கிறது. ஆமிஷ் குடும்பமோ குதிரை பூட்டி உழுகிறது, குதிரை வண்டியில் கடைக்கும் வழிபாட்டுக்கும் போகிறது, பால்மாடு வளர்க்கிறது. கொட்டில் வீட்டை ஒட்டியே இருக்கும். பிள்ளைகள் கைக்குழந்தையிலிருந்தே அங்கே விளையாடும்.

ஹட்டரைட் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 21 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா. ஆமிஷ் பிள்ளைகளில் சுமார் 5 விழுக்காடுதான். இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்று தேடிய ஆய்வாளர்கள், இரு பக்கமும் 30 பிள்ளைகளின் இரத்தத்தையும் அவர்கள் வீட்டுத் தூசியையும் எடுத்து ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஆமிஷ் வீட்டுத் தூசியில் எண்டோடாக்சின் எனப்படும் பாக்டீரியா உறைப்பொருள் ஏறக்குறைய ஏழு மடங்கு. பிள்ளைகளின் இரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் கலவையே வேறாக இருந்தது. பிறகு அந்தத் தூசியின் சாற்றை எலிகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். ஆமிஷ் தூசி பெற்ற எலிகளுக்கு ஒவ்வாமை மூச்சிரைப்பு தடுக்கப்பட்டது. ஹட்டரைட் தூசி அப்படிக் காக்கவில்லை. கிருமிகளின் வாசனையைப் பிறந்த நாள் முதல் அறிந்த உடம்பு, மகரந்தத்தைப் பார்த்து எதிரி என்று கூச்சல் போடுவதில்லை என்பதே இதன் சுருக்கம்.

இந்தப் புகழ் முழுவதையும் குதிரைக்கே கொடுத்துவிட முடியாது. மாட்டுக்கும் பங்குண்டு, கொட்டில் வீட்டை ஒட்டியிருப்பதற்கும் பங்குண்டு. வாரம் ஒரு நாள் சவாரி வகுப்புக்குப் போனால் ஆஸ்துமா வராது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு லாயத்துத் தூசியே மூச்சிரைப்பைக் கிளப்பலாம். குதிரையின் பொடுகுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். பாதுகாப்பு கிடைப்பது முதல் சில ஆண்டுகளில், அதுவும் தினந்தோறும் கலந்து வாழ்வதில்தான்.

நடக்க முடியாத பிள்ளைக்குக் குதிரை செய்வது இன்னும் ஆச்சரியமானது. டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்ட்டல் 1944இல், 23 வயதில், கர்ப்பிணியாக இருந்தபோது இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் அவருக்கு முழங்காலுக்குக் கீழே செயலற்றுப்போயிற்று. மற்றவர்கள் தூக்கி ஏற்ற, திரும்பக் குதிரை மேல் உட்கார்ந்தார். காலால் குறிப்புக் கொடுக்க முடியாததால் முதுகையும் இடுப்பையும் கொண்டே குதிரையோடு பேசப் பழகினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் குதிரை நடைப் போட்டியில் பெண்களுக்கு முதன்முதலாக இடம் கொடுத்தார்கள். அதில் ஆண்களோடு போட்டியிட்டு ஜூபிலி என்ற தன் குதிரையோடு வெள்ளி வென்றார். நான்கு ஆண்டு கழித்து இன்னொரு வெள்ளி. அவருடைய வெற்றிக்குப் பிறகு ஐரோப்பாவில் பல நாடுகளில் உடல் இயக்கக் குறைபாடுள்ளோருக்குக் குதிரை மூலம் பயிற்சி தரும் முயற்சிகள் பெருகின.

இதன் பின்னால் உள்ள இயக்கம் எளிது. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைந்து, லேசாகத் திரும்பவும் செய்கிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசையும் முறைக்கு இது மிக நெருக்கமானது. நிமிடத்துக்குச் சுமார் நூறு தடவை இந்த அசைவு பிள்ளையின் இடுப்புக்குள் போகிறது. ஒருநாளும் நடந்திராத பிள்ளையின் முதுகுத் தசைகள், நடப்பது எப்படியிருக்கும் என்பதை முதன்முறையாக அறிகின்றன. மூளை முடக்குவாதம் உள்ள 15 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. சிலர் நடக்கும் குதிரையின் மேல் 8 நிமிடம் இருந்தார்கள். மற்றவர்கள் அதே போலக் கால் பரப்பி, அசையாத பீப்பாயின் மேல் 8 நிமிடம் இருந்தார்கள். குதிரை மேல் இருந்தவர்களின் இடது வலது தசைகள் முன்பைவிடச் சமமாக வேலை செய்தன. பீப்பாய் பிள்ளைகளுக்கு அந்த அளவு பயன் இல்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில் 2015இல் வந்த ராபின் கேப்ரியல்ஸ் குழுவினரின் ஆய்வு கவனத்துக்குரியது. 6 முதல் 16 வயது வரை 127 பேர். பாதிப் பேர் 10 வாரம் குதிரைச் சவாரி பழகினார்கள். மீதிப் பேரும் அதே லாயத்துக்கு வந்து குதிரைகளைப் பற்றிக் கற்றார்கள், ஆனால் உயிருள்ள குதிரையைத் தொடவில்லை. வெளியே போய்வருவதும் ஆசிரியரின் அன்பும் இரு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. சவாரி செய்தவர்களிடம் எரிச்சலும் மிகையான துறுதுறுப்பும் குறைந்தன, பேசிய சொற்களின் எண்ணிக்கை கூடியது. வித்தியாசத்தை உண்டாக்கியது உயிருள்ள குதிரைதான். ஆட்டிசத்தை இது நீக்கிவிடும் என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பெற்றோர் நம்ப வேண்டாம். இது துணை மட்டுமே.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மிரண்ட குதிரை உதைக்கும், கடிக்கும், தூக்கி எறியும். பிள்ளையின் எலும்பும் தலையும் தாங்காது. தலைக்கவசம் இல்லாமல் ஒரு பிள்ளையையும் சேணத்தில் ஏற்றக்கூடாது, சிறிது தூரம்தானே என்று சொல்லிக்கூட. வாலுக்குப் பின்னே போகக்கூடாது, ஏனென்றால் குதிரைக்கு அங்கே கண் தெரியாது. விரல் மூடிய செருப்போ ஷூவோ வேண்டும். இரண ஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் இருக்கும், ஆகவே தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும். குதிரைக்கும் வரம்பு உண்டு. வெயிலில் தண்ணீர் இல்லாமல் நின்று, நாள் முழுவதும் யார் யாரையோ சுமந்து களைத்த குதிரையிடம் பிள்ளை எதையும் கற்க முடியாது. காதை முன்னும் பின்னும் திருப்பாமல், தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் குதிரை அமைதியாக இருப்பதாகப் பெரியவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் அது சோர்ந்துபோன குதிரை.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குக் குதிரை என்றால் மெரினா மணலில் ஒரு சுற்று, கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு புகைப்படம், அவ்வளவுதான். வீட்டில் குதிரை வளர்க்க எல்லோராலும் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் அடுத்த முறை பிள்ளையைக் கூட்டிப்போகும்போது, தூக்கி மேலே வைத்து ஒரு நிமிடத்தில் இறக்கிவிடாதீர்கள். குதிரைக்காரரிடம் கேட்டு, அதன் தோளுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நிற்கவிடுங்கள். அது காதை எந்தப் பக்கம் திருப்புகிறது, எப்போது மூச்சை இழுத்து விடுகிறது, பிள்ளை கையை மெதுவாக நீட்டினால் என்ன செய்கிறது, சட்டென்று நீட்டினால் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈரோடு மாவட்டத்துக்காரர்களுக்கு ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடுகிறது. வெவ்வேறு வகைக் குதிரைகளையும், அவற்றோடு பிறந்ததுமுதல் பழகியவர்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். அவர்களிடம் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். அருகில் நல்ல பயிற்சிப் பள்ளி இருந்து வசதியும் இருந்தால், சேர்க்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: குதிரையைத் தேய்க்கவும் குளம்பு சுத்தம் செய்யவும் பிள்ளைக்குக் கற்றுத்தருவீர்களா? இல்லை, நேராக ஏற்றி ஓட்டவிடுவோம் என்று சொன்னால் வேறு பள்ளி தேடுங்கள்.